செங்கல் வைத்த கதவு

அவருடைய அறைக் கதவை யாரும் சாத்தக்கூடாது. சாத்தாமல் இருப்பதற்காக ஓர் அரைச் செங்கல்லை எங்கிருந்தோ பொறுக்கி வந்து கதவடியில் வைத்திருந்தார். நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்கவேண்டுமென்றால் பச்சைத் திரையை இழுத்துவிடுவார். கதவு மட்டும் ஆவென்று திறந்தே கிடக்கும். துப்புரவு செய்கிற பெண் ஒருநாள் அந்தச் செங்கல்லை அசிங்கம் என்று தூக்கி வெளியே போட்டுவிட்டாள். மனுஷன் வேலையை அப்படியே விட்டுவிட்டு வாழைமரத்தடியில் தேடி எடுத்து, குழாயடியில் கழுவி, திரும்பக் கொண்டுவந்து வைத்தார். வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லோரும் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். என் ஜன்னல் அவருடைய கதவுக்கு நேர் எதிரே. ஒட்டுக்கேட்பவன், எட்டிப்பார்ப்பவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். கதவு திறந்து கிடந்தால் கண்ணை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கரவனெல்லயைத் தாண்டி மலை ஏறுகிற பாதையில், கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரி. வடக்கே சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். நான் மாவனெல்லக்காரன். வாப்பாவுக்குத் தோட்டச் சந்தியில் கடை இருந்ததால் தோட்டத்துப் பேச்சு எனக்கு வீட்டுப் பேச்சு மாதிரி. அவரோ தோட்டத்திலேயே பிறந்தவர். இரத்தினபுரிப் பக்கம், கலவானக்குக் கிட்ட ஏதோ ஒரு லயத்தில், அதாவது தொழிலாளருக்கு ஒற்றையறைகளாக வரிசையில் கட்டிய வீட்டில். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது நானே கேட்டுவிட்டேன், என்ன டொக்டர் இந்தச் செங்கல் பைத்தியம் என்று. என்னை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்; எங்கள் ஆட்களில் அண்ணன் என்று அர்த்தம்.

"லயத்துக் காம்பராவுக்கு ஒரே கதவுதான் நானா. பின்னுக்கு செவரு. செவத்துக்கு அந்தப் பக்கம் வேற குடும்பம். அப்பா குடிச்சிட்டு வந்து வாசல்ல உக்காந்தாருன்னா, நாங்க அஞ்சு பேரும் உள்ளதான். அவரு எந்திரிக்கிற வரைக்கும்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். எவ்வளவு அவசரமாக வந்தாலும், மழை கொட்டினாலும், வளைத்துத் திருப்பி, முன் சில்லு வெளியே போகிற படலையைப் பார்க்கிற மாதிரித்தான் நிறுத்துவார். குவாட்டர்ஸில் அவருடைய சூட்கேஸ் திறந்தபடி தரையில் கிடக்கும். அலுமாரி இருந்தது, உடுப்பு அதற்குள் ஏறவேயில்லை. சூட்கேஸிலிருந்து எடுப்பார், துவைப்பார், மடித்து சூட்கேஸிலேயே வைப்பார். இரண்டு வருஷம் இப்படி.

என் தங்கச்சியின் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தேன். எங்கள் கல்யாணங்களில் சஹன் வைப்போம். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் நெருங்கி உட்கார்ந்து சாப்பிடுவது. டொக்டர் என்ற மரியாதைக்காக அவரைச் சுவரோரம், பெரிய மனுஷர்களுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் கறி கொண்டுபோனபோது பார்த்தால் மனுஷனுக்கு வேர்த்து ஊற்றுகிறது. ஒரு பிடி சோறு கையில் இருக்கிறது, வாய்க்குப் போகவில்லை. மெல்ல எழுப்பிச் செருப்புகள் குவிந்து கிடந்த வாசலுக்குக் கூட்டிவந்தேன். அங்கே நின்றுகொண்டே ரெண்டு கோப்பை வட்டிலாப்பம் சாப்பிட்டார். மச்சான்மார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

இப்படிப்பட்ட ஆள் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் மாட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவர் மேற்படிப்புக்குத் தெரிவாகி, பாதிப் பயிற்சியில் இருந்த டொக்டர். மிச்சப் பயிற்சிக்குக் கண்டிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடம் இருந்தது. அந்த இடம் அடுத்த வருஷ முடிவு வரைதான் காத்திருக்கும். ஆனால் பதிலுக்கு ஓர் ஆள் வந்தால்தான் அவரை விடுவார்கள். சும்மா ஓர் ஆள் போதாது. எங்கள் பெரிய டொக்டர் சிங்களவர், தங்கமான மனுஷர், அவரே கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் சொன்னார்: இவர் போய்விட்டால் மேலேயிருந்து வருகிற சனத்தோடு யார் கதைப்பது, அட்டெண்டனை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு வைத்தியம் பார்ப்பது. எங்கள் பக்கத்துத் தோட்ட ஆட்களுக்கு நல்ல சிங்களம் தெரியும்; கடையில், பஸ்ஸில், சண்டையில் எல்லாம் சிங்களம்தான். ஆனால் உடம்பு நோகும்போது நோவு தமிழில்தான் வருகிறது. அதை என் ஜன்னலில் தினமும் பார்த்தவன் நான்.

தமிழ் பேசுகிற டொக்டர்கள் எங்கள் ஊரை எட்டியும் பார்ப்பதில்லை. அவரும்தான் என்ன, விரும்பியா வந்தார்?

அப்போதுதான் அவருடைய பேராசிரியர் பயிற்சியின் ஒரு பகுதியாக ஒரு வேலை கொடுத்தார். கடைசி வருஷ மருத்துவ மாணவர்கள் தாங்களாகத் தெரிந்தெடுத்து வந்து நாலு கிழமை, ஒரு மாதம் போல, தங்கிப் படிக்கிற மாதிரி ஒரு திட்டம் போடவேண்டும். படிக்கிற பிள்ளைகள் அதை எலெக்டிவ் என்பார்கள். இவர் அதற்கு 'விருப்பத் தங்கல்' என்று பெயர் வைத்தார். வைத்த அன்றைக்கு என் ஜன்னலில் வந்து முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

"நானா, வர்ற புள்ளைங்கள்ல ஒண்ணுக்காவது இந்த எடம் புடிச்சிப் போகணும். படிச்சி முடிச்சி எனக்கு இங்கதான் வேணும்னு கேட்டு வரணும். வந்தா நான் போயிருவேன்."

"அப்ப இது தூண்டில் எண்டு சொல்லுங்க."

"தூண்டில்தான்" என்றார், வெட்கமே இல்லாமல்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தூண்டில் போடுகிறவன் அவ்வளவு அக்கறையாகப் போடமாட்டான். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, நாள் நாளாக வடிவமைத்தார். வார்டில் எத்தனை நாள், பிள்ளைக்காம்பராவில் எத்தனை நாள் (தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது), ரப்பர் ஸ்டோரில் அமில நாற்றத்துக்குள் நிற்பவர்களின் நெஞ்சைச் சோதிப்பது எப்போது, எல்லாம். எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவது விதியாக ஒன்றை எழுதினார்: வந்தவர் எந்த நாளிலும் போகலாம், காரணம் கேட்கப்படாது.

"இதென்ன டொக்டர், வர முந்தியே போறத்துக்கு வழி சொல்ற?" என்றேன்.

"விருப்பம்னா போறதுக்கும் விருப்பம் இருக்கணும் நானா. என்னய யாரு கேட்டா?"

திட்டத்தை நான் மேலோட்டமாகப் பார்த்தபோதே ஒன்று உறுத்தியது. மேல்கணக்கைக் காணவில்லை. தோட்டத்தின் உச்சிப் பிரிவு அது. ஆற்றைக் கடந்து ஏறவேண்டும். மாதத்தில் ஒருநாள் இவர் கட்டாயம் போய்வருகிற இடம். மறந்துவிட்டீர்களோ என்று கேட்டதற்கு, அது வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

முதல் தடவை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் இரண்டாம் நாளே கால்விரலிடுக்கில் அட்டை ஏறியதைப் பார்த்து வெளிறிப்போய், அன்றைக்குப் பின்னேரமே பையைத் தூக்கிவிட்டான். விதிப்படி யாரும் காரணம் கேட்கவில்லை. காரணம் அவன் காலில் ரத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, கேட்க என்ன இருக்கிறது? மற்றவள் வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளை. யாழ்ப்பாணத் தாய் தகப்பன். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, எதையும் குறித்துக்கொள்கிற பழக்கம். நான் மனதுக்குள் இவள் வெள்ளிக்கிழமை வரை தாங்குவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவள் வந்த முதல் கிழமைதான் அந்தக் கூத்து நடந்தது. வயிற்றுவலி என்று ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். தோட்டத்தில் அந்த வயதில் பேரப்பிள்ளை கண்டுவிடுவார்கள். வார்டில் தங்கி நிற்கவேண்டும் என்று இந்தப் பிள்ளை சொல்ல, அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னைக்கு நின்னேன்னா எம் பேரு போயிருமே டொக்டரம்மா."

வயிற்றுவலி, அழுகை, பேர் போய்விடும். பிள்ளைக்கு எல்லாம் பொருந்திவிட்டது. திரையை இழுத்து மூடி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கதவு திறந்துதானே கிடக்கிறது, எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பயப்பிடாதேங்கோ அம்மா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். உங்கட அவருக்கு இது தெரியுமோ?"

"தெரியாம? அவருக்குந்தான் பேரு போச்சி. என்னய கூட்டிக்கிட்டு வந்தாருல்ல."

"எத்தினை மாசம் எண்டு நினைக்கிறியள்?"

பிறகு திரைக்குப் பின்னாலிருந்து வந்த பேச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை. டொக்டர் ஓடிவந்து அந்தப் பெண்ணின் காலில் விழாத குறையாகச் சமாதானப்படுத்தினார். நான் மருந்துப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் வேலை. காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் போய்ப் பேர் கொடுத்தால் அன்றைய நாள் உன்னுடையது. அந்தியில் கொழுந்தை நிறுத்துப் பார்த்து, நிறை போதாவிட்டால் அரைப்பேர்தான் போடுவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் பேரே இல்லை. இவ்வளவுதான் அந்தப் பெண் சொன்னது. மானம் மரியாதைப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அந்தப் பிள்ளை வெட்கத்தில் பஸ் ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் விடிகாலை பெரட்டுக்களத்தில், பனியில், சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாளாம். டொக்டர் அன்றைக்கே கலண்டரைத் திருத்தினார்: முதல் நாள் காலை, வார்டுக்கு முன், பெரட்டு. தனக்குத் தெரிந்த சொல் என்பதால் அதை மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை என்று என்னிடம் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் அவள் கண்ணாடியைப் பிடுங்கி விளையாடின. 'அந்தி' என்பாள், 'பெரட்டு' என்பாள், அதையும் அந்த யாழ்ப்பாண இழுவையில். கேட்க வேடிக்கையாக இருக்கும். மூன்றாம் கிழமை முடிவில் என் ஜன்னலில் வந்து நின்று, "நானா, நான் படிச்சு முடிச்சு இங்கதான் கேக்கப்போறன்" என்றாள்.

டொக்டருக்கு அது போய்ச் சேர்ந்ததும் அன்றைக்கு வார்டு முழுவதுக்கும் மீன் வைத்த மாலு பாண் வாங்கிக்கொடுத்தார். குவாட்டர்ஸில் சூட்கேஸைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று அட்டெண்டன் வந்து சொன்னான். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அவர் போனால் எனக்குத் தேத்தண்ணிக்குக் கூட்டு இல்லை என்பதும் கூடவே உறைத்தது.

கடைசிக் கிழமையில், என்ன நினைத்தாரோ, அவளை மேல்கணக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். மருந்துப் பெட்டிக்காக நானும் போனேன்.

அங்கே பெரிய கஷ்டம் எதையும் அவள் பார்க்கவில்லை. கீழே பார்த்த அதே லயம், அதே கூரை ஒழுக்கு. ஆனால் மேல்கணக்கில் சனம் இவரைப் பிடித்துக்கொள்கிற விதமே வேறு. வைத்தியம் முடிந்தாலும் கையை விடமாட்டார்கள். ஒரு கிழவி இவருடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். எல்லோரும் ஒரே கேள்விதான்: போயிருவீங்களாமே? இவர் ஒவ்வொருவரிடமும், இல்லங்க, எங்க போறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு கிழவி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

"நீங்களாச்சும் இருந்துருவீங்கதானே கண்ணு?"

"ஓம் அம்மா. நான் வருவன்."

கிழவி அந்தக் கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் நான் டொக்டரின் முகத்தைப் பார்த்தேன். தான் வேண்டியது கிடைத்த முகம் இல்லை அது. சஹனுக்கு முன்னால் வேர்த்துக்கொண்டிருந்த அதே முகம்.

இறங்கும் வழியில் அவர் மருந்துப் பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து, அவள் கைகழுவிக்கொண்டிருக்கும்போது, என் ஜன்னலடியில் வைத்தே சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்லணும். நீங்க வந்தாத்தான் என்னய விடுவாங்க. அதுக்காகத்தான் இந்தத் திட்டத்தயே போட்டேன். நீங்க வந்துட்டீங்கன்னா, இன்னொரு ஆளு வர்ற வரைக்கும் உங்களயும் விடமாட்டாங்க. அந்த ஆளு வராமலே போகலாம். மேக்கணக்க நான் திட்டத்துல சேக்கல. ஏன்னா அங்க போனா இது வெளங்கிரும்."

அவள் கையைத் துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் உங்களுக்குப் பதிலாளோ?"

"ஆமா."

"நான் நினைச்சன், நீங்கள் என்னை டொக்டராப் பாக்கிறியள் எண்டு."

அவள் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "நாலு மணிக்கு பஸ் இரிக்கி மகள், ஆனா நாளைக்குப் போகலாமே" என்றேன். கேட்கவில்லை. தங்கல் முடிய ஒருநாள் இருந்தது. விதிப்படி நாங்கள் காரணம் கேட்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நேரே அவருடைய அறைக்குள் போய்விட்டேன்.

"வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்க ஏலாமப் போச்சா டொக்டர்? கையில வந்தத வீசிட்டீங்களே. அந்தப் புள்ளையும் அழுது போவுது, நீங்களும் இங்க கெடந்து சாவப்போறீங்க."

அவர் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு புள்ளய உள்ள தள்ளிப்புட்டு நான் வாசல்ல உக்கார முடியாது நானா" என்றார்.

யாரைப்போல என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து மாத்திரை எண்ணத் தொடங்கினேன்.

அடுத்த வருஷமும் முடிந்தது. கண்டியில் அவருக்கு இருந்த இடமும் போயிற்று. மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் பதிலாள் இல்லாமல் விண்ணப்பித்து என்ன? திட்டத்தை மட்டும் அவர் விடவில்லை. கலண்டரை மறுபடி திருத்தினார். மேல்கணக்கை மூன்றாம் நாளில் போட்டார். முதல் நாளே பிள்ளைகளை உட்காரவைத்து, இங்கே ஆள் இல்லை, வந்தால் சுலபத்தில் போகமுடியாது, நானே போகமுடியாமல்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவார். இப்படிச் சொன்னால் யார் வருவார்கள்? வந்தார்கள், நல்ல பிள்ளைகள்தான், நன்றாகப் படித்தார்கள், நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் படலை வரை போய் வழியனுப்பிவிட்டு, அங்கேயே சற்று நேரம் நிற்பார். நான் இங்கிருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரைவிட நான்தான் அந்த பஸ்களை அதிகம் திட்டியிருப்பேன்.

ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கிற காலம் இரண்டு முறை வந்துபோனது. ஒரு திங்கட்கிழமை காலை, வரிசை நீண்டு கிடந்த நேரத்தில், ஒரு பெண் பெரிய பையோடு வந்து எல்லோரையும் தாண்டி அவருடைய கதவடியில் நின்றாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பின்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. யாரோ மருந்துக் கம்பனிக்காரி என்று நினைத்து, வரிசையில வாங்க என்று கத்தப்போனேன். திரும்பினாள். அதே பெரிய கண்ணாடி.

அவர் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார்.

"பேர் குடுக்க வந்திருக்கிறன் டொக்டர்" என்றாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அல்லது விளங்கியதை நம்பவில்லை. பெரிய டொக்டர் அவளுக்குப் பின்னால் வந்து நின்று சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

"எல்லாம் சொன்னேனே" என்றார் இவர். "சொல்லித்தானே அனுப்பினேன்."

"ஓம், சொன்னனீங்கள். சொன்னதாலதான் வந்தனான்."

அவர் நோயாளியின் கையை மெல்ல விட்டார். பிறகு அவர், பெரட்டுக்களத்துக் கணக்கப்பிள்ளை கேட்கிற மாதிரியே, குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு கேட்டார்.

"முழுப்பேரா, அரைப்பேரா?"

"அது அந்திக்கு நிறுத்தாத்தானே தெரியும்."

வரிசையில் நின்ற பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிக்கப் போனார். முகம் ஒரு மாதிரிக் கோணிக்கொண்டு வந்தது. நோயாளியை என் ஜன்னல் பக்கம் கைகாட்டி அனுப்பினார். எழுந்து வந்தார். காலால் அந்தச் செங்கல்லை மெல்ல ஒதுக்கிவிட்டு, உள்ளே தனியாக நின்றபடி கதவைச் சாத்திக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கதவு சாத்தியிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.